எழுதாமல் விட்ட வாடை

— பூண்டு வாடை இல்லாத வீடு எதும்மா அம்சம்? இப்ப எங்க அடுப்படிக்குள்ள போனாலும் அடிக்கும். அதை வச்சு ஒரு ஆளைக் குத்தவாளின்னு சொல்லிட முடியுமா?

— சொல்லச் சொல்லலீங்க ஏட்டய்யா. எழுதச் சொன்னேன். எம்பொண்ணு காணாமப் போன மறுநாளு, ஸ்டேஷன்ல உங்க மேசைக்கு முன்னாடி தரையில குந்திக்கிட்டு ஒண்ணொண்ணா சொன்னேன். நீங்கதான் ரைட்டரு. எம்பொண்ணு பாவாடை என்ன கலருன்னு எழுதினீங்க, காதுல என்ன போட்டிருந்துச்சுன்னு எழுதினீங்க. அந்த வாடையை மட்டும் எழுதல.

— எட்டு வருஷம் ஆச்சு. நான் ரிடையராகி ஸ்டேஷன் வாசப்படியே மிதிக்கிறதில்ல. குத்தாலத்துல இந்தத் தெருவுல வைத்தியலிங்கம்னு ஒருத்தன் இருக்கறதே பல பேருக்குத் தெரியாது. நீ எப்படிக் கண்டுபிடிச்சே?

— பஸ்ஸ விட்டு எறங்கி நாலு கடையில விசாரிச்சேன். புள்ளையைத் தேடி அலைஞ்சவளுக்கு ஒரு ஏட்டைத் தேடறது பெரிய வேலையா?

— சரி, உக்காரு. நாற்காலியிலயே உக்காரு, பரவால்ல.

— வேணாங்க. நின்னுக்கிட்டே பேசறேன். அன்னைக்கு உக்காந்து சொன்னதுதான் யாரு காதுலயும் ஏறலியே.

— விஷயம் என்னன்னா அம்சம்... வாடைங்கறது சாட்சி ஆகாது. அருவா இருந்தா கைப்பத்தலாம். ரத்தக்கறை இருந்தா துணியோட பொட்டலம் கட்டி, சீல் வச்சு கோர்ட்டுக்கு அனுப்பலாம். வாடையை எதுல பொட்டலம் கட்டறது?

— பொட்டலம் கட்ட வேணாங்க. வாடை வந்த எடத்தை அன்னைக்கே போயித் தொறந்து பாத்திருக்கலாமில்ல?

— இன்ஸ்பெக்டர் உத்தரவு இல்லாம நான் எப்படித் தொறக்கறது? மில்லுக்காரரு குடோனு அது. அவரு வந்தா இன்ஸ்பெக்டரே எழுந்து நாற்காலி போடுவாரு.

— நீங்க எழுதியிருந்தா அந்த இன்ஸ்பெக்டரு தொறந்துதானே ஆகணும்? காகிதத்துல ஏறினதை அவராலயும் முழுங்க முடியாதில்ல?

— நீ என்ன சொன்னேங்கறதே எனக்கு இப்ப சரியா ஞாபகம் இல்ல.

— இருக்கு உங்களுக்கு. இருந்தாலும் சொல்றேன், கேளுங்க. தை மாசம். கூலி நெல்லு உசத்திக் கேட்டு நாங்க வேலைக்குப் போவாத பதினோராம் நாளு, வெள்ளிக்கிழமை. எம் புருஷன் செல்லதுரையைச் சங்கக்காரன்னு பிடிச்சு திருச்சி ஜெயிலுக்கு அனுப்பியிருந்தீங்க. கீழத்தெருவுல ஒரு அடுப்பு எரியல. ஆத்தங்கரை குடோன்ல வெளியூரு ஆளை வச்சு மூட்டை அடுக்கறாங்க, நெல்லு சிந்திக் கெடக்குதுன்னு யாரோ சொன்னாங்க. புள்ளைங்க பொறுக்க ஓடுச்சுங்க. எம்பொண்ணு நீலாம்பாளும் ஓடுனா. ஆறு வயசு. நான்தான் போயிட்டு வாடின்னு அனுப்பினேன். மத்த புள்ளைங்க எல்லாம் மடியில ஒரு பிடி, ரெண்டு பிடின்னு வந்து சேந்துச்சுங்க. அவ வரல.

— அது தெரியும். அதெல்லாம் எழுதியிருக்கேன்.

— மறுநாளு விடியறப்ப அந்தக் குடோனுக்குப் போனேன். பெரிய கதவு, புதுப் பூட்டு. இடுக்கெல்லாம் களிமண்ணைக் குழைச்சு அப்பியிருந்துச்சு. ஒரு பக்கம் மண்ணு பேந்து கீழ கெடந்துச்சு. அந்த இடுக்குல மூக்கை வச்சேன். அப்படி ஒரு பூண்டு வாடை. உரிச்ச பூண்டு இல்லீங்க, வதக்கின பூண்டும் இல்ல. மாம்பழம் பழுக்கக் கல்லு வப்பாங்களே, அதையும் பூண்டையும் சேத்து இடிச்சாப்பல. மூக்கைத் தாண்டி தொண்டையில போயி உக்காந்துக்கிச்சு. அன்னைக்குப் பூரா தண்ணி குடிச்சாலும் போவல.

— பக்கத்துல யாராவது சமைச்சிருப்பாங்க.

— யாரு? பதினோரு நாளா ஊருல கீரையைப் பறிச்சு உப்புப் போட்டு அவிச்சுத் தின்னுக்கிட்டு கெடந்தோம். எங்க தெருவுல யாருகிட்ட பூண்டு இருந்துச்சு? அந்தக் குடோனைச் சுத்தி ஒரு பக்கம் ஆறு, மூணு பக்கம் அறுக்காத வயலு. நண்டு வந்து பூண்டு உரிச்சுச்சா?

— சரி, உனக்கு வேற ஏதாவது வாடை அப்படித் தெரிஞ்சிருக்கும். புள்ளையைக் காணாத பதட்டம். அந்த நேரத்துல எதை மோந்தாலும்...

— நான் பன்னண்டு வருஷம் அந்த மில்லுக்காரரு களத்துல நெல்லு காய வச்சவ, ஏட்டய்யா. ஊறல் தொட்டித் தண்ணி ஒரு நாளு ஆனா ஒரு வாடை, மூணு நாளு ஆனா ஒரு வாடை. கண்ணைக் கட்டி விட்டாலும் எந்தத் தொட்டி எத்தனை நாளுன்னு சொல்வேன். அவிச்ச நெல்லுல ஒரு கொதி கூடுனா வாடை மாறும், அதைக் கண்டுபிடிக்கலேன்னா எங்க கூலியில பிடிப்பாங்க. எம்மூக்கை நம்பித்தான் அந்த மில்லே ஓடுச்சு. நீங்க நம்பல.

— நான் நம்பலேன்னு யாரு சொன்னா?

— நம்புனீங்களா?

— அப்ப அது என்ன வாடைங்கறே?

— அது வண்டு சாவறதுக்கு மூட்டைக்கு நடுவுல வைக்கிற மாத்திரை. ஒரு தடவை மில்லுலயே வச்சாங்க. வச்சுட்டு, மூணு நாளைக்கு இந்தப் பக்கம் மனுசன் தலை தெரியக்கூடாதுன்னு எங்களைத் தொரத்தி விட்டாங்க. அன்னைக்கு அந்த வாடையைத் தூரத்துலேருந்து மோந்திருக்கேன். அதனாலதான் ஸ்டேஷன்ல அவ்வளவு நிச்சயமா சொன்னேன்.

— மாத்திரையாவே இருக்கட்டும். சொந்தக் குடோன்ல வண்டுக்கு மாத்திரை வைக்கிறது குத்தமா?

— கவர்மெண்டுக்கு லெவி நெல்லு அளக்காம முந்நூறு மூட்டையை ஆத்தங்கரையில ஒளிச்சு வைக்கிறது குத்தமில்லீங்களா? அந்தக் கதவைத் தொறந்தா நெல்லு தெரியும். நெல்லு தெரிஞ்சா தாசில்தாரு அள்ளிக்கிட்டுப் போயிடுவாரு. அதுக்காகத்தானே எம்பொண்ணு உள்ள இருக்காளான்னு பாக்கக்கூட தொறக்கல?

— நீ அதோட விடலியே. காத்தான் துண்டுன்னு வேற சொன்னே.

— பாத்தீங்களா, ஞாபகம் வருது. ஆமாம், சொன்னேன். குடோனுக்குக் காவலு காத்தான். எனக்கு ஒண்ணுவிட்ட தம்பி. அக்கா அக்கான்னு வாசல்ல வந்து நிப்பான். எம்பொண்ணு அவன் தோள்ல ஏறி உக்காந்துக்கிட்டு மாமா மாமான்னு கத்தும். குடோன்லேருந்து நேரா அவன் குடிசைக்குத்தான் போனேன். கொடியில துண்டு தொங்குச்சு. எடுத்து மோந்தேன். அதே வாடை. எம்பொண்ணு எங்கடான்னு கேட்டேன். எம் மூஞ்சியையே பாக்கல. வாயைப் பொத்திக்கிட்டு கொல்லைப்பக்கம் ஓடிட்டான். குத்தம் பண்ணாதவன் ஏன் ஓடுறான்?

— அவன் ஏன் ஓடினான்னா...

— ஏன்?

— ஒண்ணுமில்ல. விடு.

— ஏங்க, யாரு வந்திருக்கா? பேச்சு கொல்லை வரைக்கும் கேக்குது.

— அகிலாண்டம், இது தெரிஞ்ச பொம்பளை. ஒரு மனு விஷயமா வந்திருக்கு. நீ உள்ள போ.

— தெரிஞ்ச பொம்பளை இல்லீங்கம்மா. நீலாம்பாளைப் பெத்தவ.

— நீலாம்பாளா? அந்தக் குடோன்... ஐயோ, நீதானா அது? ஏன் நிக்கறே? உக்காரும்மா. காப்பி போட்டுத் தரேன்.

— வேணாங்கம்மா. உங்க வீட்டுல பச்சைத்தண்ணி கூட எனக்கு எறங்காது. தப்பா நெனைக்காதீங்க. ஏட்டய்யா சொல்றாரு, பூண்டு வாடை எல்லார் வீட்டு அடுப்படியிலயும் அடிக்குமாம், அதை வச்சு என்ன கண்டுபிடிக்கிறதுன்னு கேக்கறாரு.

— எந்த வீட்டு அடுப்படியில? இந்த வீட்டுலயா? நல்லா இருக்கே கதை! எட்டு வருஷமா இந்த வீட்டுல ஒரு பல்லு பூண்டு உரிச்சதில்லம்மா. ஒரு தடவை ரசத்துல தட்டிப் போட்டுட்டேன். தட்டோட தூக்கி முத்தத்துல எறிஞ்சாரு. எம்பொண்ணு புள்ளத்தாச்சியா வந்திருந்தப்ப கூட, பத்தியத்துக்குப் பூண்டை எதிர்வீட்டுல வதக்கித்தான் கொண்டாந்து குடுத்தேன்.

— அகிலாண்டம், நீ வாயை மூடறியா?

— மூடித்தானே வச்சிருக்கேன் இத்தனை நாளா. ஆமா பின்ன.

— ஏட்டய்யாவுக்குப் பூண்டு ஏன் ஆகாமப் போச்சுங்கம்மா?

— அதை அவரையே கேளு.

— கேக்கறேன். அதுக்கு முன்னாடி நாயைப் பத்திக் கேக்கறேன். எட்டாம் நாளு தஞ்சாவூர்லேருந்து போலீஸ் நாயி வந்துச்சே, ஞாபகம் இருக்குங்களா?

— இருக்கு. அது ஒண்ணும் சரியா வேலை செய்யல.

— நாயி செஞ்சுச்சு. நீங்கதான் செய்யல. அதுக்குள்ள மூட்டையை எல்லாம் வண்டி கட்டி அனுப்பிட்டு, குடோனை ஃபினாயில் ஊத்திக் கழுவியிருந்தாங்க. நெல்லு வைக்கிற எடத்தை எவனாவது ஃபினாயில் போட்டுக் கழுவுவானா? அந்த வாடை ஏறுன அரிசியை மாடு கூடத் திங்காது. அதையும் கேட்டேன், நீங்க காதுல வாங்கல. நாயி எம்பொண்ணு பழைய பாவாடையை மோந்துச்சு. தெருவுல ஓடி, வரப்புல ஓடி, நேரா அந்தக் கதவுக்குத்தான் போச்சு. ஃபினாயில் நெடியில தும்முது, தும்மிக்கிட்டே கதவைப் பிறாண்டுது. அப்புறம் அங்கேயே படுத்துக்கிச்சு. இழுத்தாலும் வரல. இன்ஸ்பெக்டரு என்ன சொன்னாரு?

— நெழலுக்குப் படுத்திருக்குன்னாரு.

— காலையில எட்டு மணி. தை மாசத்துப் பனி. நாங்க எல்லாம் போத்திக்கிட்டு நிக்கறோம். அந்த நேரத்துல எந்த நாயி நெழலைத் தேடும்? சொல்லுங்க, நீங்களும் அங்கதானே ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு நின்னீங்க?

— நின்னேன்.

— ஆத்துல அடிச்சுக்கிட்டுப் போயிருக்கும்னு எழுதி முடிச்சீங்க. ஆத்துல அப்ப முழங்கால் தண்ணி. எம் புருஷன் ஜெயில்லேருந்து வந்து, ஆளுக்கு ஆளு கையைக் காலைப் பிடிச்சு, ரெண்டு மைல் ஆத்து மணலைக் கிளறினாரு. ஒரு கொலுசு கெடைக்கல. போன வருஷம் சாவற வரைக்கும் ஆத்தைத் தாண்டும்போது கீழயே பாத்துக்கிட்டுத்தான் நடப்பாரு.

— செல்லதுரை போயிட்டானா? எனக்குத் தெரியாதும்மா.

— உங்களுக்கு ஏன் தெரியணும்?

— சரி. நடந்தது நடந்து போச்சு. இப்ப எதுக்கு வந்தே? எட்டு வருஷம் விட்டுட்டு இன்னைக்கு ஏன் தோண்டறே?

— அந்தக் குடோனை இடிக்கிறாங்க ஏட்டய்யா. இடிச்சுட்டு அதே எடத்துல மில்லுக்காரரு தன்னோட அம்மா பேருல பால்வாடி கட்டித் தர்றாராம். மந்திரி வந்து தொறக்கப் போறாராம். கீழத்தெருப் புள்ளைங்களுக்குத்தான் கட்டறாராம். எங்க புள்ளைங்க அந்த எடத்துல வரிசையா உக்காந்து சோறு திங்கணும், அவரு பேரைச் சொல்லிக் கையைத் தட்டணும். மைக்கு கட்டி அந்தச் சேதியை எங்க தெருவுலயே வந்து சொல்லிட்டுப் போறாங்க.

— கடவுளே.

— கடவுளைக் கூப்பிடாதீங்கம்மா. அவரும் அன்னைக்கு அந்த மில்லுக்காரரு பக்கம்தான் நின்னாரு.

— கோவம் நியாயம்தான் அம்சம். ஆனா அவரு இப்ப ரெண்டு கட்சிக்கும் வேண்டப்பட்டவரு. உன்னால என்ன பண்ண முடியும்? ஏதாவது ஏடாகூடமா...

— கொல்லுவேன்னு நெனைக்கறீங்களா? கொல்லணும்னா அதுக்கு வழியா இல்ல? வேணாம். செத்தா பெரிய மேளம் வச்சுத் தூக்கிக்கிட்டுப் போவாங்க. பத்தாம் நாளு படத்துக்கு மாலை போட்டுடுவாங்க. அவரு உசுரோட இருக்கணும். காரு கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டுக் கூட அவரால ஊருக்குள்ள வர முடியக்கூடாது. அவரு பேரைச் சொன்னாலே சனங்க மூக்கைப் பொத்தணும். பேரன் பேத்தி எடுத்து, அதுங்க கிட்ட வந்து, தாத்தா உன் மேல என்ன வாடைன்னு கேக்கணும். அதைப் பாத்துட்டுத்தான் நான் சாவேன்.

— அதுக்கு நான் என்ன பண்ணணுங்கறே?

— வர்ற திங்கக்கிழமை கலெக்டரு மனு வாங்கறாரு. புதுசா வந்திருக்கறவரு, சின்ன வயசு, நின்னு கேக்கறாராம். நான் மனு குடுக்கப் போறேன். எங்கூட நீங்க வரணும். அம்சம் அன்னைக்கு அந்த வாடையைச் சொன்னா, இன்ஸ்பெக்டரு வேணாம்னாரு, நான் எழுதலன்னு நாலு பேரு கேக்கச் சொல்லணும்.

— என் பென்ஷன் போயிடும். கேஸை மறைச்சேன்னு என்னையே உள்ள வைப்பாங்க. அதெல்லாம் ஆவற காரியம் இல்ல.

— அப்ப நீங்களும் அந்தக் கதவுக்கு மண்ணு அப்புனவர்தான்.

— அம்சம்!

— ஏன், தப்பா? மாத்திரை வச்சான் ஒருத்தன், வைக்கச் சொன்னாரு ஒருத்தரு. வச்சவன் போய்ச் சேந்துட்டான். ஆடி மாசம் வாய்க்காக் கரையில காத்தான் பொணமா கெடந்தான்னு சேதி வந்தப்பதான், ஆறு மாசத்துக்கு அப்புறம் எனக்கு வயிறாரச் சோறு எறங்குச்சு. அவன் பொண்டாட்டி ராமாயி அழுத அழுகையை வாசல்ல உக்காந்து கேட்டுக்கிட்டே தின்னேன்.

— அப்படிச் சொல்லாதே! அவனை மட்டும் அப்படிச் சொல்லாதேம்மா!

— ஏன் இப்படிக் கத்தறீங்க? அவன் உங்களுக்கு என்ன ஒறவு?

— ஏங்க, நான் சொல்றேன், போதுங்க. அந்தக் காகிதத்தை இவ கையில குடுத்துடுங்க. நீங்க செத்தாலும் அது என் பொட்டியில கெடக்கும், நான் என்ன பண்ணுவேன்?

— எந்தக் காகிதங்கம்மா?

— அகிலாண்டம், உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்...

— நீங்க என்னைக் கெஞ்ச வேணாம். இவளைக் கெஞ்சுங்க. எட்டு வருஷமா என் கூறைப்பொடவைக்கு அடியில வச்சிருக்கேம்மா. ஒவ்வொரு பொங்கலுக்கும் பொடவையை வெயில்ல போடறப்ப அதையும் எடுத்து வெளிய வைப்பேன். உள்ள வைப்பேன். இரு, எடுத்துக்கிட்டு வரேன்.

— என்ன காகிதம் ஏட்டய்யா?

— வாக்குமூலம்.

— நான் சொன்னதா?

— இல்ல. அன்னைக்குக் காலையில ஸ்டேஷனுக்கு உனக்கு முன்னாடியே ஒரு ஆளு வந்தான். அவன் சொன்னது. எழுதி முடிச்சு ரேகை வாங்கினேன். இன்ஸ்பெக்டர் படிச்சுப் பாத்துட்டு கிழிச்சுப் போடுன்னாரு. கார்பன் காப்பியை அவரு கண்ணு முன்னாடி கிழிச்சேன். அசலை மடிச்சு ஷூவுக்குள்ள வச்சுக்கிட்டேன். ஏன் வச்சேன்னு எனக்கே தெரியாது. வெளியில எடுக்கவும் தைரியம் இல்ல, கிழிக்கவும் மனசு இல்ல.

— இந்தாங்க. இந்தாம்மா.

— எனக்குப் படிக்கத் தெரியாதுங்கம்மா. அவரே படிக்கட்டும். அவரு எழுதுனதுதானே, அவரு வாயாலயே வரட்டும்.

— என்னால முடியாது அம்சம்.

— படிங்க.

— ... "நான் மேற்படி கிராமம் கீழத்தெருவில் குடியிருந்துகொண்டு, ஆற்றங்கரை நெல் குடோனில் காவல் வேலை பார்த்து வருகிறேன். நேற்று வெள்ளிக்கிழமை பகல் சுமார் பன்னிரண்டு மணிக்கு, முதலாளி கொடுத்த மாத்திரைகளை மூட்டைகளுக்கு இடையில் வைத்துவிட்டுக் கதவைப் பூட்டி, இடுக்குகளில் மண் அப்பினேன். உள்ளே குழந்தை இருந்தது எனக்குத் தெரியாது."

— காத்தானா? காத்தானா வந்து சொன்னான்?

— ஆமாம்.

— படிங்க.

— "பகல் சுமார் மூன்று மணிக்கு உள்ளேயிருந்து இருமல் சத்தம் கேட்டது..."

— இருமுனாளா? எம்பொண்ணு இருமுனாளா?

— நிறுத்திடவா?

— நிறுத்துனீங்கன்னா இங்கேயே தலையை மோதிக்கிட்டுச் சாவேன். படிங்க.

— "கணக்குப்பிள்ளையிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். தாசில்தார் ஜீப் ஊருக்குள் நிற்கிறது, நெல் தெரிந்துவிடும், கதவைத் திறக்கக் கூடாது என்று சொன்னார். நான் கேட்கவில்லை. மண்ணைப் பெயர்த்து, பூட்டை உடைத்து, துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போனேன். மூன்றாவது அடுக்குக்குப் பின்னால் குழந்தை நீலாம்பாள் கிடந்தது. பாவாடை மடியில் நெல் இருந்தது. குழந்தையை என் துண்டில் சுற்றி வெளியே தூக்கி வந்தேன். அதற்கு மூச்சு இருந்தது. என்னைப் பார்த்து மாமா என்று சொன்னது."

— துண்டுல சுத்தி...

— ஆமாம்மா. அந்தத் துண்டுதான்.

— மீதியைப் படிங்க.

— "முதலாளி காரில் வந்தார். மாயவரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறேன் என்று குழந்தையை வாங்கிக்கொண்டார். துண்டை என் மேல் வீசினார். நானும் வருகிறேன் என்று கெஞ்சினேன், ஏற்றவில்லை. கார் மாயவரம் ரோட்டுக்குத் திரும்பவில்லை. கொள்ளிடம் போகும் பாதையில் திரும்பியது. நான் பின்னாலேயே ஓடினேன். மூச்சு முட்டி, வாந்தி எடுத்து, மதகடியில் விழுந்துவிட்டேன். குழந்தையைத் திருப்பிக் கொடுக்கும்படி செய்ய வேண்டுகிறேன்." அவ்வளவுதான். கீழே ரேகை.

— கொள்ளிடத்து மணல்லயா எம்பொண்ணு?

— அது எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. இன்ஸ்பெக்டருக்கும் மில்லுக்காரருக்கும்தான் தெரியும்.

— அப்ப நான் குடிசைக்குப் போனப்ப அவன் வாயைப் பொத்திக்கிட்டு ஓடுனது?

— உள்ள ஏறுன மருந்து. ரெண்டு நாளைக்கு வாந்தி நிக்கல அவனுக்கு. உன் மூஞ்சியைப் பாத்துச் சொல்ல முடியாம, அந்தக் கொல்லை வழியா நேரா ஸ்டேஷனுக்குத்தான் ஓடி வந்தான். நீ எம்மேசைக்கு முன்னாடி உக்காந்து அவன் துண்டைப் பத்திச் சொல்லிக்கிட்டு இருந்தப்ப, அவன் பின்னாடி லாக்கப்புல வாயில துணி அடைச்சுக் கெடந்தான். நீ சொன்னது அத்தனையும் அவன் காதுல விழுந்துச்சு.

— ஒரு வார்த்தை. அன்னைக்கு ஒரு வார்த்தை நீங்க எங்கிட்ட சொல்லியிருக்கலாமே ஏட்டய்யா. அவன் இல்லம்மான்னு.

— மாத்திரை வச்சது நீதான், வாயைத் தொறந்தா தூக்குல தொங்குவே, உம் பொண்டாட்டியையும் சேத்து உள்ள தள்ளுவேன்னு இன்ஸ்பெக்டர் மெரட்டி அனுப்பினாரு. அவன் பயந்தான். நானும் பயந்தேன். எனக்குக் கல்யாணத்துக்கு ஒரு பொண்ணு இருந்தா.

— எனக்கும் ஒருத்தி இருந்தா.

— ஏங்க, அதையும் சொல்லிடுங்க. ஆடி மாசம் நடந்ததை.

— ஆடி மாசம் இன்ஸ்பெக்டருக்கு மாத்தல் வந்துச்சு. சேதி வந்த அன்னைக்கே காத்தானைக் கூப்பிட்டு விட்டேன். போடா, உங்க அக்காகிட்ட எல்லாத்தையும் சொல்லிடு, ரெண்டு பேருமா சேந்து புது இன்ஸ்பெக்டர்கிட்ட வாங்க, நான் காகிதத்தை எடுத்துத் தரேன்னு சொன்னேன். எங்காலைத் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போனான். இன்னைக்கே போயிச் சொல்லிடறேன் ஏட்டய்யான்னான். மூஞ்சி அப்படித் தெளிஞ்சிருந்துச்சு. அன்னைக்கே சாயந்தரம் வாய்க்காக் கரையில பொணமா கெடக்கான்னு ஆளு வந்து சொல்றாங்க. உன்னை நேருக்கு நேரா பாக்கப் பயந்துக்கிட்டு, வழியிலயே பூச்சி மருந்தைக் குடிச்சுட்டான்னு நெனச்சேன். சாட்சியே போயிட்டான், இனிமே இந்தக் காகிதத்துக்கு என்ன மதிப்புன்னு மூடி வச்சுட்டேன்.

— அவன் பொணத்தைப் பாத்து எழுதுனது யாருங்க?

— நான்தான்.

— தற்கொலைன்னு எழுதுனதும் நீங்கதான்.

— ஆமாம்.

— பக்கத்துல மருந்து டப்பா கெடந்துச்சா?

— இல்ல. வாய்க்கால்ல வீசியிருப்பான்னு விட்டுட்டேன்.

— வாயில என்ன வாடை அடிச்சுது?

— பூச்சி மருந்துதான். அந்த வாடை எனக்குத் தெரியாதா?

— அதுக்கு மேல?

— எதுக்கும்மா இதெல்லாம் இப்ப? நீ நிக்கற நெலையே சரியில்ல. அகிலாண்டம், அவளைப் பிடி.

— என்னைத் தொடாதீங்கம்மா. ஏட்டய்யா, நீங்க குனிஞ்சு மோந்திருப்பீங்க. வேற என்ன வாடை அடிச்சுது? யோசிச்சுச் சொல்லுங்க.

— மோரு. பெருங்காயம் போட்ட மோரு. வெயிலுக்கு எங்கேயோ வாங்கிக் குடிச்சிருப்பான்னு நெனச்சேன்.

— அதை எழுதுனீங்களா?

— இல்ல.

— அக்கா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு வாசல்ல வந்து நின்னான். வெயில்ல வந்திருக்கே, மொதல்ல இதைக் குடிடா தம்பின்னு அந்த மோரை நான்தான் கலந்து குடுத்தேன்.